சத்தியம் செய்த வாத்து

எங்கள் கீழ் நியெம் ஊரின் நீர்ப்பொம்மைக் குழுவில் ஒரு வாத்து உறுப்பினராக இருக்கிறது. மரவாத்தைச் சொல்லவில்லை, அவை கூடை நிறைய உண்டு. நான் சொல்வது தவிடு தின்கிற, சேற்றில் மூக்கை விட்டுத் துழாவுகிற ஆண் வாத்து. குழுவைத் தொடங்கிவைத்த ஆசானின் பீடத்தின் முன்னால் ஊதுபத்தி ஏற்றி, அரிசிச் சாராயம் குடித்து, முறைப்படி சத்தியம் செய்து சேர்ந்தது.

குழுத் தலைவன் குவே என் மனைவியின் தம்பி. இருந்தும் எனக்கு அதில் இடமில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மறுத்து மறுத்து அவனுக்கு அலுக்கவில்லை. என் வாய் சும்மா இருக்காதாம். வாத்தின் வாய் மட்டும் எந்த நேரத்தில் சும்மா இருந்தது என்று கேட்டேன்.

இதெல்லாம் எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை முழுதாகப் புரியவில்லை. புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். மீதியை நீங்கள் புரிந்துகொண்டால் எனக்கும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

பத்தாம் மாத அறுவடை முடிந்து ஊர்க்கோயில் திருவிழா. கோயில் குளத்தின் நடுவிலுள்ள மண்டபத்தில் மூங்கில் தட்டியை நீர் வரைக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். தட்டிக்குப் பின்னால் குவேயும் அவன் ஆட்களும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நீருக்கடியில் நீளும் கழிகளால் பொம்மைகளை ஆட்டுவார்கள். பத்தாம் மாதத்துத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும் என்பதால், இறங்குமுன் ஆளுக்கு ஒரு மடக்கு மீன்சாற்றைக் குடித்துவிட்டு இஞ்சியை மென்றுகொண்டிருப்பார்கள். எங்கள் பக்கக் கரையில் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது.

நான் திம் அக்காவின் தேநீர்ப் பந்தலுக்கு அருகில் இடம் பிடித்து மூங்கில் புகைக்குழாயைப் பற்றவைத்தபோது, பிங் வந்து பக்கத்தில் குந்தினான். பிங் மேல் நியெம் ஊர்க்காரன், வாத்து மேய்ப்பவன். அறுவடை முடிந்ததும் உதிர்ந்த நெல்லைப் பொறுக்க வாத்துக்கூட்டத்தை வயல் வயலாக ஓட்டிக்கொண்டு போவான். அன்றைக்கு அவற்றைக் கோயிலுக்குப் பின்னால் வாய்க்காலில் விட்டுவிட்டு, எங்கள் ஆட்டத்தில் ஏதாவது கோணலாகிறதா என்று பார்க்க வந்திருந்தான். மேல் நியெமிலும் பொம்மைக் குழு உண்டு. அவன் அதில் சத்தியம் செய்த ஆள்.

இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற பகை பெரிதாக ஒன்றுமில்லை. நரிதான். வாத்துக்கூட்டத்தை நரி பிடிக்கிற ஆட்டம் இரண்டு ஊரிலும் உண்டு. எங்கள் பொம்மை நரி மரவாத்தைக் கவ்விக்கொண்டு, தண்ணீரில் நட்ட பாக்குமரத்தின் உச்சி வரை ஏறும். அவர்கள் நரி பாதி மரம் ஏறியதும் வாத்து நழுவித் தண்ணீரில் விழும். அவர்கள் தாத்தா காலத்திலிருந்தே விழுகிறது. விழுந்தவுடன் அவர்கள் தேயு தலையை நீட்டி, “நரிக்கு இன்னைக்கு விரதமுங்க” என்று சமாளிப்பான். அதைக் கேட்டுச் சிரிப்பதற்கென்றே நாங்கள் வருடந்தோறும் இரவல் சைக்கிள் வாங்கிக்கொண்டு மேல் நியெமுக்குப் போவோம்.

தேயு என்பது கோமாளிப் பொம்மை. திறந்த வயிறும் குடுமியும் கையாட்டலுமாக முதலில் வந்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவன் அவன்தான். அவன் யாரையும் எதையும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் தேயுவுக்குக் குரல் கொடுப்பவன் குவே. ஆனால் தேயு சொன்னதற்குக் குவே பொறுப்பல்ல, குழுவும் பொறுப்பல்ல. அப்படியானால் யார் பொறுப்பு என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “தேயுகிட்ட கேளுங்க” என்றான் குவே.

பிங்கின் வாத்துகளில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். அதன் பெயர் சாங். அந்தக் காலத்து வட்டாரத் தலைவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நடையும் அப்படித்தான். சாங் போகிற வழியில்தான் கூட்டம் போகும், அது நின்றால் கூட்டமும் நிற்கும். பிங் கையிலிருக்கும் கழி வெறும் அலங்காரம். சாங் இல்லாவிட்டால் அந்த வாத்துகள் ஆளுக்கொரு திசையில் போய், ஆளுக்கொரு சட்டியில் முடியும். பிங்குக்கு வேறு வயலும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது.

ஆட்டம் தொடங்கியது. வெடி வெடித்தது, புகை மூண்டது, தண்ணீருக்குள்ளிருந்து கொடிகள் நனையாமல் எழுந்தன. தேயு வந்தான். ஊர்த் தலைவரின் தொப்பையைக் கிண்டல் செய்தான், திம் அக்காவின் தேநீரைக் குளத்துத் தண்ணீரோடு ஒப்பிட்டான். பிறகு என் பக்கம் கையை நீட்டினான்.

“அந்தா உக்காந்திருக்காரு பாருங்க எங்க ஊருப் பெரியப்பா. போன வெள்ளத்துல மீனுங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தவரு. வாத்து பேசுறதும் அவருக்குப் புரியுமாம். அவரு பேசுறதுதான் யாருக்கும் புரியல.”

ஊர் சிரித்தது. நான் மறுக்கவில்லை. மீன்களைப் பொறுத்தவரை அது உண்மை. அந்த வெள்ளத்தில் அவை அவ்வளவு குழம்பிப் போயிருந்தன.

அடுத்து வாத்து ஆட்டம். மரக்கிழவனும் மரக்கிழவியும் கழியோடு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அரக்குப் பூச்சு பளபளக்க மரவாத்துகள் தலையை ஆட்டிக்கொண்டு மிதந்தன. நான் புகையை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது வாத்துகள் கூடுதலாகத் தெரிந்தன. புகையிலைக் கிறக்கம் என்று நினைத்தேன். மறுபடி பார்த்தால் இன்னும் கூடுதல். குளம் நிறைய வாத்து. வாய்க்கால் மதகு வழியாகச் சாங் முன்னால் வர, அதன் பின்னால் பிங்கின் கூட்டம் முழுதும் ஆட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

எது மரம், எது வாத்து என்று கரையில் யாருக்கும் தெரியவில்லை. தட்டிக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை என்று பின்னால் சொன்னார்கள். மரக்கிழவன் கழியை இடப்பக்கம் வீசினால் உயிர் வாத்துகள் இடப்பக்கம் திரும்பின. வலப்பக்கம் வீசினால் வலப்பக்கம். இதைப் பார்த்து பிங்கின் முகம் சுருங்கிவிட்டது. எத்தனை வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன், என் பேச்சை இப்படி ஒரு நாளாவது கேட்டிருக்கிறதா என்று என்னிடம் முறையிட்டான். மரக்கிழவன் கத்தவில்லையே, அதுதான் காரணமோ என்னவோ என்றேன்.

அப்போது நரி வந்தது. தட்டிக்குப் பின்னால் அதன் கழியைப் பிடித்திருந்தவன் தியெப் என்கிற இளந்தாரி. நரி இரண்டு சுற்று சுற்றி, கழுத்தில் பச்சை தீட்டிய ஒரு மரவாத்தைக் கவ்வியது. அந்தப் பச்சைக் கழுத்துக்காரிக்கு அருகில்தான் சாங் அவ்வளவு நேரமும் குழைந்து குழைந்து நீந்திக்கொண்டிருந்தது. தன் எதிரில் ஒருத்தியை நரி தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சும்மா இருக்குமா. ஒரே எட்டில் பாய்ந்து நரியின் வாலைக் கவ்விவிட்டது.

நரி மரம் ஏறியது. வாயில் மரவாத்து, வாலில் உயிர் வாத்து, சிறகடித்துத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு. இத்தனை வயதில் அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. கரை முழுக்க எழுந்து நின்றது.

பிங் இடுப்பளவுக்குத் தண்ணீரில் இறங்கி, கழியைச் சுழற்றிக்கொண்டு, என் வாத்தை விடு, விடு என்று கூவினான். அங்கேதான் குழப்பம் முற்றியது. எங்கள் ஆட்டத்திலும் நரி கவ்வியதும் வாத்துக்காரக் கிழவன் கழியைச் சுழற்றிக்கொண்டு இதே வார்த்தைகளைத்தான் கூவுவான். கரையில் இருந்தவர்கள் குவே இந்த வருடம் கரையிலேயும் ஓர் ஆளை வைத்துவிட்டான், என்ன மூளை, என்ன நடிப்பு என்று கைதட்டினார்கள். அவன் அழ அழக் கைதட்டல் கூடியது.

தேயு தண்ணீருக்குமேல் தலையை நீட்டினான்.

“யாருங்க அது, அழுவுறது? மேல் நியெம் அண்ணனா?”

“என் சாங் எங்கடா?” என்றான் பிங்.

“நரி வயித்துலண்ணே. எங்க ஊரு நரி விரதம் இருக்கிறதில்ல.”

கூட்டம் புரண்டு சிரித்தது. நரி இறங்கித் தட்டிக்குப் பின்னால் போனது. வாலோடு சாங்கும் போனது. மற்ற வாத்துகள் தட்டிக்கு எதிரில் வந்து நின்றுகொண்டன. பிறகு நடந்த ஆட்டமெல்லாம் அவற்றுக்கு நடுவில்தான். டிராகன் நெருப்புக் கக்கியது. வாத்துகள் நகரவில்லை. தேவதைகள் ஆடினார்கள். அவர்களுக்கும் வழி விடவில்லை.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது பிங் பலகைப் பாலத்தில் ஏறி மண்டபத்தின் வாசல்வரை போனான். அதற்குமேல் போக முடியாது. சத்தியம் செய்யாதவன் உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் சட்டம். இன்னொரு குழுவின் உட்புறத்தைப் பார்த்தவன் தன் குழுவில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆகையால் வாசலில் நின்று, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, தன் வாத்தைக் கேட்டான். துணைக்கு நான் போயிருந்தேன். நான் கண்ணை மூடவில்லை, ஆனால் இருட்டில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

குவே ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வந்தான். உள்ளேயிருந்து சாங்கின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. குவே முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வாத்து எதுவும் இல்லை என்றான்.

“கத்துறது யாருப்பா அப்போ?” என்று கேட்டேன்.

“மாமா, இது குழு விஷயம்” என்றான்.

பிங் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: “நரி வயித்துல இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“தேயு சொன்னான். நான் சொல்லல.”

அப்போதுதான் தோவான் பெரியவர் வந்தார். ஆசான் பீடத்துக்கு விளக்கேற்றுபவர், சட்டமெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. அவர் வந்ததும் விஷயம் தெளிவாகும் என்று நினைத்தேன். அவர் தெளிவாகத்தான் பேசினார். குழப்பம் எனக்குத்தான்.

தட்டிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்த எவரும் சத்தியம் செய்யாமல் வெளியே போகக் கூடாது என்றார் அவர். எவரும் என்றால் எவரும்தான். ஆள் என்று சட்டத்தில் இல்லை. அது வெறும் வாத்துதானே ஐயா என்றான் பிங். அந்த இடத்தில் தியெப் குறுக்கே புகுந்தான்.

“ஆளா இருந்தாக்கூடப் பரவாயில்ல பெரியவரே. தண்ணிக்கு மேலதான் பாத்திருப்பான். இது உள்ள வந்த நிமிஷத்துலேருந்து தலைய முக்கி முக்கிப் பாக்குது. நரி வாய் எப்படிப் பூட்டுது, வாத்து வயித்துல எங்க மாட்டுது, அம்புட்டையும் பாத்துடுச்சு.”

எங்கள் குழுவின் ரகசியமெல்லாம் தண்ணீருக்கு அடியில்தான். தலைமுறை தலைமுறையாக குழுவைச் சேராத ஒரு மனிதக் கண்ணும் தொடாத இடத்தை ஒரு மேல் நியெம் வாத்து நிதானமாகப் பார்வையிட்டிருக்கிறது. பிங் வேண்டுமென்றே அனுப்பிய உளவாளியாக இருக்குமோ என்று ஒருவன் முணுமுணுத்தான். அதைத் தடுக்க எளிய வழி இருக்கிறது என்றான் தியெப். வாத்துக்கறியோடு சேர்க்க வீட்டில் மூங்கில் குருத்து ஊறிக்கொண்டிருக்கிறதாம்.

பிங் பாலத்தின்மேல் உட்கார்ந்துவிட்டான். கண் மட்டும் மூடியபடியே இருந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“அதைச் சமைச்சா என்னையும் சேத்துச் சமைச்சிடுங்க” என்றான்.

தோவான் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. சட்டத்தில் சமையல் இல்லை என்றார். சத்தியம் செய்யட்டும், செய்தால் போகட்டும். ஆணா பெண்ணா என்று கேட்டார். இது முக்கியமான கேள்வி. எங்கள் குழுவில் பெண்களைச் சேர்ப்பதில்லை. மகள் என்றாலும் அடுத்த ஊருக்கு வாழப் போகிறவள், போகும்போது ரகசியமும் சீரோடு போய்விடும் என்பது முன்னோர் பயம். ஆண்தான், வால் இறகு சுருண்டிருக்கிறது என்றான் பிங். விளக்கைக் கொண்டுவந்து சுருட்டையைச் சரிபார்த்தார்கள்.

அடுத்த சிக்கல், அது சம்மதித்ததா இல்லையா என்று எப்படித் தெரிவது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தேயுவே சொல்லியிருக்கிறான் என்றான் தியெப். தேயு சொன்னதற்கு யாரும் பொறுப்பில்லையே என்று நினைத்தேன், வெளியே சொல்லவில்லை. வாத்து மொழி தெரியும் என்று பல வருடமாக நானே சொல்லிக்கொண்டிருப்பவன், அந்த நேரத்தில் தெரியாது என்று சொல்வது பொய்யாகிவிடும்.

பீடத்தை மண்டபத்தின் வெளித்தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊதுபத்தி ஏற்றினார்கள். சாங்கை ஒரு முக்காலியில் நிறுத்தி எதிரில் சாராயக் கிண்ணத்தை வைத்தார்கள். பெரியவர் வாசகத்தைச் சொன்னார்: இருக்கும் வரைக்கும் ரகசியம் வயிற்றுக்குள், இறந்தபின் குழிக்குள். வாத்து வயிற்றில் எதுவும் அரை நாள்கூடத் தங்காதே என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, பெரியவர் அவனை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார். சாங் கிண்ணத்தைக் காலி செய்தது. பிறகு நிமிர்ந்து நீளமாகக் கத்தியது.

“என்ன சொல்லுது மாமா?” என்றான் குவே.

“சம்மதமாம்” என்றேன். “இன்னொரு கிண்ணம் குடுத்தா முழுச் சம்மதமாம்.”

கொடுத்தார்கள். குழுவினர் ஒவ்வொருவராக வந்து புது உறுப்பினருக்குத் தலைவணங்கினார்கள். நானும் வணங்கினேன். பொறாமை இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் பொம்மைகளைக் கூடைகளில் படுக்கவைத்துச் சிவப்புத் துணியால் மூடுவது எங்கள் வழக்கம். அவை தூங்குகின்றன, மூடிய துணியைப் போகிற வழியில் விலக்கக் கூடாது. சாங்கும் இப்போது குழுவைச் சேர்ந்ததாகிவிட்டதால் அதையும் கூடையில் வைத்துச் சிவப்புத் துணியால் மூட வேண்டும் என்றார் பெரியவர். கூடை எல்லாம் ஒரே ஆள் முடைந்தவை. துணி எல்லாம் ஒரே சுருளில் கிழித்தவை. தியெப் உள்ளே போய்ச் சாங்கைப் படுக்கவைத்துவிட்டு ஒரு கூடையோடு வந்தான். வீட்டுக் குளத்துக்குப் போய்ச் சேரும்வரை துணியை எடுக்கக் கூடாது என்று பிங்குக்கு உத்தரவானது. எடுக்கிற எண்ணம் அவனுக்கும் இல்லை. எங்கள் சிவப்புத் துணியைப் பார்த்ததே அவன் சத்தியத்துக்குப் பாதி ஆபத்து.

பிங் கூடையைச் சைக்கிளில் கட்டினான். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு கிண்ணம் குடித்த வாத்து கத்தாது என்று நான்தான் தைரியம் சொன்னேன். வாத்துகள் முதலில் நகரவில்லை. சைக்கிள் குலுங்கியபோது துணியின் ஓரத்தில் ஒரு பச்சைக் கழுத்து எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் கூட்டம் வரிசையாகக் கரையேறிப் பின்னால் போயிற்று. சாங்கின் கழுத்து பழுப்பு என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. பிங் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த வாத்துகளுக்கு மரம் பழகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் குவே என்னை எழுப்ப ஆள் அனுப்பினான். போய்ப் பார்த்தால் குழுவே கூடைகளைச் சுற்றி நின்றது. மரவாத்து ஒன்று குறட்டை விடுகிறது என்றார்கள். துணியை விலக்கினார்கள். மரவாத்துகளுக்கு நடுவில் சாங் கழுத்தை மடக்கிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. பச்சைக் கழுத்துக்காரியைக் காணோம்.

குவேயின் முகத்தில் இரத்தம் இல்லை. அடிவயிற்றில் கொக்கியும் பூட்டுமாக எங்கள் வாத்து, மேல் நியெமில், பொம்மைக்காரன் ஒருவன் வீட்டில், ஓர் இரவு முழுக்க. என்ன செய்வதென்று அவர்கள் முடிவெடுப்பதற்குள் பிங் சைக்கிளோடு வந்துவிட்டான். கூடை அப்படியே இருந்தது, துணி போட்டபடி. போகும்போது கட்டியிருந்ததைவிட முடிச்சு கொஞ்சம் நேர்த்தியாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. ஆனால் என் கண் அவ்வளவு நல்ல கண் அல்ல.

“இது என் வாத்து இல்லைங்க” என்றான் பிங். “தவிடு வெச்சேன், தின்னல.”

“துணிய எடுத்தியா?” என்றான் குவே.

“எடுத்தேன். மூஞ்சி தெரிஞ்சுது. உடனே கண்ண மூடிட்டேன், துணியையும் மூடிட்டேன்.”

பிங்கும் சத்தியம் செய்தவன், அவன் வார்த்தையைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வரவில்லை. தோவான் பெரியவர், இதில் சட்டமீறல் ஒன்றும் இல்லை என்றார். மரவாத்துக்குப் பேச்சு வராது. பேச்சு வராதது யாரிடம் போய் எதைச் சொல்லும். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். பயமெல்லாம் உயிர் வாத்தைப் பற்றித்தான், அதுவும் சத்தியம் செய்துவிட்டது. சாங்கை எடுத்துக்கொண்டு பிங் போனான். அது போதை தெளியாமல் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு போனது.

அடுத்த வருடம் மேல் நியெம் திருவிழா. சிரிக்கத் தயாராக நாங்கள் எல்லாரும் சைக்கிளில் போய்க் கரையில் உட்கார்ந்தோம். நரி வந்தது, வாத்தைக் கவ்வியது, மரத்தில் ஏறியது. பாதி மரம் வந்ததும் நாங்கள் வாயைத் திறந்தோம். நரி நிற்கவில்லை. உச்சிக்குப் போய் வாத்தோடு ஓர் ஆட்டு ஆட்டியது. அவர்கள் தேயு எங்கள் பக்கம் திரும்பி, “கீழ் நியெம் மாமன் மச்சான்லாம் வந்திருக்கீங்களா? எங்க நரி விரதம் முடிச்சிடுச்சுங்க” என்றான். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் திறந்தபடியே வைத்திருந்தோம். திரும்பி வரும் வழியில் சைக்கிள் சங்கிலிகள் மட்டும் பேசின.

உடனே விசாரணை வைத்தார்கள். குழுவில் சத்தியம் செய்தவர்களில் மேல் நியெமில் குடியிருக்கிற உறுப்பினர் ஒருவர்தான். பிங் சாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். இந்தமுறை பொம்மைகளை அலமாரியில் அடுக்கியிருந்த கொட்டகையின் வாசல்தான் விசாரணை இடம். சத்தியத்தை மீறினவனைக் குழு விட்டுவைக்கக் கூடாது என்றார் பெரியவர். தியெப் ஒரு பெரிய சட்டியோடு வந்து உட்கார்ந்தான். மூங்கில் குருத்தை இந்தமுறை முன்கூட்டியே வேகவைத்துக் கொண்டுவந்திருந்தான்.

பிங் சாங்கின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். அது எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, நான் பக்கத்திலேயே இருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். குவே என்னைப் பார்த்தான்.

“மாமா, கேளுங்க. ரகசியத்த யாருகிட்ட சொன்னுச்சு?”

நான் குனிந்து கேட்டேன். சாங் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி அலமாரியைப் பார்த்தது. அங்கே நடுத்தட்டில் பச்சைக் கழுத்துக்காரி இருந்தாள். சாங் நீளமாக, ஏக்கமாக, பல சுருதியில் கத்தியது. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். இந்த வேலையில் அவசரம் கூடாது.

“என்ன சொல்லுது?”

“நான் சொல்லலங்குது,” என்றேன். “நம்ம குழுவுல மேல் நியெமுல ராத்தங்கினது நான் மட்டும்தானான்னு கேக்குது.”

நான் நினைத்தது வேறு. எல்லாரும் அலமாரியைப் பார்ப்பார்கள், பார்த்தால் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. குவே தரையைப் பார்த்தான். அவன் மனைவி பிறந்த ஊர் மேல் நியெம்; மாமனார் திதிக்குப் போய் மச்சினர்களோடு குடித்துவிட்டு அங்கேயே விழுந்து தூங்கியது ஊருக்கே தெரியும், தூங்குமுன் என்ன பேசினான் என்பது அவனுக்கே தெரியாது. தியெப் சட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினான். அவனுக்கு அங்கே ஒரு பெண் பேசி வைத்திருக்கிறார்கள். இன்னொருவனுக்கு அங்கே அக்கா, ஒருவனுக்குச் சகலை. தோவான் பெரியவருக்கு அங்கே என்ன என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகத் தொண்டையைக் கனைத்தார்.

“வாத்து பேசுறத சாட்சியா எடுத்துக்க முடியாது” என்றார் கடைசியில். “விசாரணை முடிஞ்சுது.”

வெந்த மூங்கில் குருத்தை வெறும் உப்போடு பகிர்ந்து தின்றோம். சாங்குக்கும் ஒரு கிண்ணம் சாராயம் ஊற்றினார்கள். அது இன்னும் குழுவில்தான் இருக்கிறது, திருவிழாவுக்குத் திருவிழா வந்து நரியின் வாலைப் பிடித்துத் தொங்கிவிட்டுப் போகிறது. மக்கள் அதற்காகவே வருகிறார்கள். ரகசியம் யார் மூலம் போயிற்று என்பது மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் புரியவில்லை. அவரவருக்கு அவரவர்மேல்தான் சந்தேகம்.

அன்று பிங் கிளம்பும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். சாங்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லாருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னான், சட்டிக்கும் சொன்னான். அந்த அலமாரிப் பக்கம் மட்டும் அவன் முகத்தைத் திருப்பவே இல்லை. சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட ஆள்.